முன் சக்கரம் உள்ளே, பின் சக்கரம் ரோட்டில்

ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்துதான் இதை எழுத உட்காருகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தவன் நான். பொய் எழுதினால் எனக்குக் கை நடுங்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை மண்ணாங்கட்டி என்ற என் பெயரைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. பாலிசி என்றைக்கு முடிகிறது என்று பீரோவைத் திறந்து பார்ப்பார்கள்.

2012ஆம் வருஷம், ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு ஒரகடம் சந்திப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, வண்டி தூக்கிக்கினு நிக்குது."

"தூக்குறதுக்குத்தானே வாங்கின?"

"சரக்க இல்லண்ணே. ஆள."

அப்பாவு வல்லத்துக்காரர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது கைக்கு வந்ததில் மற்றவர்கள் மாடி கட்டினார்கள், கார் வாங்கினார்கள். இவர் ஒரு பழைய ஹைட்ரா கிரேன் வாங்கினார். மஞ்சள் நிறம், நான்கு சக்கரம், முன்னால் நீட்டிய இரும்புக் கை, அதன் நுனியில் ஒரு கொக்கி. ஒரு கம்பெனியில் மெஷினை இறக்கி வைத்துவிட்டு, ரோட்டில் தானே ஓடி, அடுத்த கம்பெனிக்குப் போய் இன்னொன்றைத் தூக்கும். வாங்கிய அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. தண்டலத்துக்காரர் ஒருவரின் கிரேன் ரோட்டில் போகும்போது ஒரு பைக்கை இடித்ததும், அவர் எடுத்திருந்தது கம்பெனிக்குள் வேலை செய்வதற்கான பாலிசி மட்டும் என்பதால் ஒரு பைசா கிடைக்காமல் போனதும் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த மனிதர் கிரேனை விற்றுவிட்டு, இப்போது அதே கிரேனுக்குச் சம்பள ஆபரேட்டராக இருக்கிறார். கண்ணாடியைத் துடைப்பதற்குக்கூடப் புது முதலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் துடைக்கிறார். அப்பாவு அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

அதனால் என்னிடம் இரண்டு பாலிசி எடுத்தார். ஒன்று ரோட்டில் ஓடுவதற்கு. வண்டி எதையாவது தூக்கும்போது ஏதாவது ஆனால் அது செல்லாது. இன்னொன்று வளாகத்துக்குள் தூக்கி இறக்குவதற்கு. ரோட்டில் ஏதாவது ஆனால் அது செல்லாது. கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து போன் ஆரம்பித்தது. பெட்ரோல் பங்கில் நிற்கும்போது எந்தப் பாலிசி? மழைக்கு மரத்தடியில் ஒதுங்கினால் எது? காற்றில் கொக்கி தானாக ஆடினால் அது வேலையா, ஓட்டமா? விடிகாலை ஐந்து மணிக்குக் கேட்பார். கேட்பதற்கு முன்னால் எச்சில் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்கும். ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ரோட்டுக்கு ஒண்ணு, உள்ளுக்கு ஒண்ணு, சரிண்ணே. ரெண்டுக்கும் நடுவுல இன்னா?" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. "கேட்டுல நிறுத்தி ஃபைல மாத்திக்கோய்யா" என்று சொல்லி வைத்துவிட்டேன். விளையாட்டாகச் சொன்னது. அவர் அன்றைக்கே ரோட்டுக்குச் சிவப்பும் உள்ளுக்குப் பச்சையுமாக இரண்டு ஃபைல் வாங்கிவிட்டார்.

அதன்பிறகு அந்த வண்டி எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டில் நின்றது. ஆபரேட்டர் சக்திகுமார் சங்கரன்கோவில் பக்கத்து ஆள், சொன்னதைச் செய்கிறவன். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பை எடுத்து சீட்டுக்கு அடியில் வைத்து, பச்சையை மேலே வைத்து, ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவான். வெளியே வரும்போது திருப்பிச் செய்வான். பின்னால் வருகிற கன்டெய்னர்காரர்கள் இதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னால் வந்தது ஷிப்ட் பஸ். முன் சக்கரம் இரண்டும் கம்பெனிக்கு உள்ளே, பின் சக்கரம் இரண்டும் ரோட்டில். சக்திகுமாரின் ஒரு கையில் சிவப்பு, மறு கையில் பச்சை. பஸ் வந்து மெதுவாகத்தான் முட்டியது. அந்த முட்டலில் கொக்கி முன்னால் ஆடி, கேட்டருகே இருந்த செக்யூரிட்டி கூண்டின் உச்சியில் இருக்கிற இரும்பு வளையத்தில் போய் மாட்டிக்கொண்டது. சக்திகுமாரின் முழங்கை லீவரில் பட்டது. கூண்டு கிளம்பி, ஆறடி உயரத்தில் போய் நின்றது. உள்ளே செக்யூரிட்டி பாண்டுரங்கன், மேஜை, நாற்காலி, கேட் ரிஜிஸ்டர் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. கண்ணாடி மட்டும் உடைந்து, அவருக்கு இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவு வண்டியின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். யாரும் லீவரைத் தொடக்கூடாது என்பது அவர் கட்சி. இறக்கினால் அது வேலை. பின் சக்கரம் ரோட்டில் இருக்கும்போது வேலை செய்தால் ஒரு பாலிசி போச்சு. வண்டியைப் பின்னால் எடுத்தால் அது ஓட்டம். ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் இன்னொன்றும் போச்சு. கூண்டுக்கும் கைக்கும் நஷ்டஈடு வராமல் வண்டி வெளியே போகாது என்று கம்பெனியும் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து, உள்ளதை உள்ளபடி பார்த்து எழுதட்டும் என்றார் அப்பாவு. அவர் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

சர்வேயர் சென்னையிலிருந்து வர வேண்டும். பூந்தமல்லியில் டிராபிக். எச்.ஆர். அதிகாரி வெளியே வந்து அண்ணாந்து பார்த்து, மேலே இருப்பவரும் டியூட்டியில்தான் இருக்கிறார், இதற்கு ஓ.டி. கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பாண்டுரங்கனும் சும்மா இருக்கவில்லை. கயிற்றில் கிளிப்பைக் கட்டி இறக்கி, பாஸை மேலே இழுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மதியத்துக்குள் எண்பத்து மூன்று வண்டி. சாம்பார் சாதமும் அதே கயிற்றில் போனது. அங்கிருந்து சுங்குவார்சத்திரம் வரை தெரிகிறதாம். எந்த ரோட்டில் நெரிசல் என்று கன்டெய்னர்காரர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவு மட்டும் சாப்பிடவில்லை. சட்டைக் காலரின் நுனியைக் கடித்துக் கடித்து நூல் பிரித்துவிட்டிருந்தார். அவர் ஒருமுறைகூட மேலே பார்க்காததை நான் கவனித்தேன். சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு சர்வேயர் மதிவதனி வந்தாள். சின்ன வயது, கையில் டேப். நான்கு சக்கரத்தையும் அளந்தாள். கேட் தூணிலிருந்து அளந்தால் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. கால்வாய் மூடியிலிருந்து அளந்தாலும் அப்படியே. சக்திகுமாரிடம், அந்த நேரத்தில் டேஷ்போர்டில் எந்த ஃபைல் இருந்தது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, இரண்டும் கையில் இருந்தன என்றான். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"கேட்ல நிறுத்தச் சொன்னது யாரு?"

"அதுதான் ரூல்ஸுன்னு எங்க அண்ணாச்சி சொன்னாவ" என்று அப்பாவுவைக் காட்டினான்.

அப்பாவு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமாம்மா, நான்தான்" என்றார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய கையெழுத்தை வாங்கியிருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தை மாதிரி எதுவும் என்னைச் சுட்டதில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன் அல்லவா.

மதிவதனி யோசித்துவிட்டு, கேட் ரிஜிஸ்டர் வேண்டும் என்றாள். செக்யூரிட்டி 'உள்ளே' என்று நேரம் போட்டிருந்தால் வண்டி உள்ளே வந்ததாகக் கணக்கு, போடவில்லை என்றால் ரோடு. வேறு வழி இல்லை. ரிஜிஸ்டரைக் கயிற்றில் இறக்கச் சொன்னாள்.

"ரிஜிஸ்டர் கூண்ட விட்டு வெளிய வரக்கூடாதும்மா. ஆர்டரு" என்றார் பாண்டுரங்கன் மேலிருந்து. "நம்பர் எழுதிட்டேன். டைம் போடறதுக்கு பேனாவ வெச்சேன், அதுக்குள்ள மேல வந்துட்டேன்."

"போட்டீங்களா, போடலையா?"

பாண்டுரங்கன் ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அப்பாவுவைப் பார்த்தார். ஐந்து மணி நேரத்தில் முதல் தடவையாக அப்பாவுவும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கூண்டு இறங்க வேண்டும். கூண்டு இறங்கினால் வண்டி வேலை செய்துவிட்டது, சர்வேயரின் கண் முன்னாலேயே. இறக்காவிட்டால் எழுத எதுவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் ராஜம்மா வந்தாள், அப்பாவுவின் மனைவி. பக்கத்துக் கம்பெனி கேன்டீனில் வேலை, ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. கூண்டை ஒருமுறை பார்த்தாள், புருஷனை ஒருமுறை பார்த்தாள்.

"அந்த மனுசன் காலையிலேருந்து ஒண்ணுக்குப் போனாரா?"

அப்பாவு காலரை மறுபடி வாயில் வைத்துக் கடித்தார்.

"உன்ன மாதிரி ஒருத்தன் மேல தொங்கசொல்ல, நீ கீழ வண்டிக்கு இன்னா ஆவும்னு பாத்துக்கினு கீற. நெலம் போச்சு, நாம செத்தா பூட்டோம்? நீ அந்த தண்டலத்தான் மாதிரி கண்ணாடி தொடச்சிக்கினு நின்னாலும் நான் ஒண்ணும் ஓடிப்பூட மாட்டேன்."

பாண்டுரங்கன் மேலிருந்து, அப்படியொன்றும் அவசரமில்லை, சமாளிக்கலாம் என்று ராஜம்மாவுக்குச் சமாதானம் சொன்னார். ஆனால் அவர் இரண்டு முழங்காலையும் நெருக்கி வைத்துக்கொண்டிருந்தது கீழிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது.

அப்பாவு வாயிலிருந்து காலரை விட்டார். நடந்து போய் வண்டியில் ஏறினார். சிவப்பு ஃபைலையும் பச்சை ஃபைலையும் சக்திகுமாரிடமிருந்து வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். லீவரில் கை வைத்தார். மதிவதனி பேனாவைத் திறந்தபடியே நின்றாள். கூண்டு ஓரங்குலம் இறங்கியது, நின்றது, இன்னும் ஓரங்குலம் இறங்கியது. உள்ளே பாண்டுரங்கன் வீங்கிய கையால் ரிஜிஸ்டரை முழங்காலில் விரித்து, நல்ல கையில் பேனாவோடு குனிந்திருந்தார். எழுதுகிறாரா, கூண்டு ஆடுவதால் கை ஆடுகிறதா என்று கீழே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. கூண்டின் நிழல் தரையில் நகர்ந்துகொண்டே வந்து, உள்ளே பாதியும் ரோட்டில் பாதியுமாக விழுந்தது.

அந்தக் கம்பெனிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி முதன்முதலாக கேட் வைத்தது 2014 சித்திரையில். அதுவரை அங்கே கேட்டே கிடையாது.