பின்வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகத்தின் முன்னறையில், வேலை கேட்டு வந்த பெண்ணொருத்தி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சோபாவில் வேறு யாரும் இல்லை. அவ்வளவுதான் நான் பார்த்தது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் தொடக்கம்: 'வறுமை என்னும் இருளில் பிறந்த அந்த...' வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: நேர்முகத் தேர்வுக்கு அவள் எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டாள். ஆனால் பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

இது இருக்கட்டும்.

2

வீட்டில் அவளை 'முழக்கோல்' என்பார்கள். கட்டில், கதவு, தூங்கும் அப்பா என்று எதையும் கையால் அளந்து வளர்ந்தவள். படித்தது கட்டட வரைபடம். அம்மா இதே அலுவலகத்தில் தரை துடைப்பவள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வரும்போதெல்லாம் பின்வாசல்தான். வரைபடம் போடும் வேலை கேட்டு வந்த இன்றும் கால் பழகிய வழியிலேயே போய்விட்டது. வாளிகளுக்குப் பக்கத்துப் பெஞ்சில் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முன்னறையில் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

(என்ன பெயர் என்கிறீர்களா? அவள் காதிலேயே விழவில்லை, உங்களுக்கு எதற்கு?)

மாடியிலிருந்து இறங்கி வந்த அம்மா திகைத்துப்போனாள்.

"இங்க என்னடி பண்ற?"

"கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்கேன்."

"இங்க யாருடி வந்து கூப்பிடுவா? முன்னாடி ஓடு!"

"இதானம்மா வழி?"

"அது எனக்கு வழி. நீ ஓடு!"

3

திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம் என்பார்கள். வரலாம்தான். எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. அவளைப் போன்றவர்கள் கேட்டுக் கேட்டு வந்து சேர்வதற்குள்...

'நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அவள் கண்ணீரோடு...'

இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். இவளை அழவைத்து நான் பேர் வாங்க வேண்டாம்.

அவள் ஓடி வந்து நின்றதும், முன்னறை மேசையில் இருந்த வரவேற்புப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "வரலையோன்னு நெனச்சேன். கடைசியா அனுப்புறேன், முதல்ல தண்ணி குடிங்க" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உள்ளே கேள்விகள். இங்கே அவள் வாயில் ஒரு மேதாவிப் பதிலைத் திணித்து, கேட்டவர்களை அசத்த என் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவள் மற்றவர்களைப் போலவே சுமாராகத்தான் சொன்னாள். ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாள். சுமாராகச் சொன்ன என் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலை கிடைத்தது. இவள் மட்டும் ஏன் மேதையாக இருக்க வேண்டும்?

கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

4

அவள் பின்பக்கம் ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "அப்பாடா" என்றாள்.

"எழுந்திரும்மா, வேலைதான் முடிஞ்சிருச்சே. முன்னாடியா போலாம்."

அந்தக் கண்ணாடிக் கதவை அம்மா தினமும் இரண்டு பக்கமும் துடைப்பாள். வீட்டுக்குப் போக ஒருநாளும் அதைத் திறந்ததில்லை. மகள் கையைப் பிடித்து இழுக்க, முன்னறை வரை வந்துவிட்டாள். அங்கே நின்றுவிட்டாள்.

"என் செருப்பு பின்வாசல்ல கிடக்குடி."

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அம்மா செருப்புக்காகத் திரும்பிப் போய், அப்படியே பின்வழியாக வெளியேறிவிடுகிறாள். பழகிய கால், என் பேச்சைக் கேட்கவில்லை.

ஆகவே இருவரையும் முன்னறையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். மகள் கதவைத் திறந்து பிடித்திருக்கிறாள். நீங்கள் சும்மாதானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பின்பக்கம் போய், அந்தச் செருப்பை எடுத்து வந்து முன்வாசலில் போடுங்கள்.