கோச் பிரூவிட்டின் தொப்பியை நான் துவைத்தது

தங்கச்சி யெசேனியா, இதை நீ வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவாய், அதனால் முறையாகவே ஆரம்பிக்கிறேன். நான் ஓஸ்மின் ரெசினோஸ், வயது இருபத்து மூன்று, இருப்பது அர்கன்சாஸில் மெல்பா கிரீக் என்ற ஊரில், ஹோய்ட் ஸ்காகின்ஸ் என்பவர் புகையில் கறி சுட்டு விற்கும் கடையில். கை முழுக்கப் பன்றிக் கொழுப்பு. அதனால் ஃபோனிடம் பேசியே எழுதுகிறேன், தப்பிருந்தால் நீயே திருத்திக்கொள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வேலை போனால் கடைக்குப் பின்னால் நான் தூங்கும் அறையும் போகும்.

சனிக்கிழமை இங்கே கல்லூரியின் பழைய ஆட்கள் கூடும் நாள். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இரவில்தான். ஆனால் கிழவர்கள் பத்து மணிக்கே எங்கள் கடையில் உட்கார்ந்து கோச் பிரூவிட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர், செத்து முப்பது வருஷம். இடைவேளையில் பச்சை வெங்காயத்தை ஆப்பிள் மாதிரி கடித்துக்கொண்டு ஒவ்வொரு பையன் முகத்துக்கும் நேராக நின்று கத்துவாராம். அந்த நாற்றத்துக்குப் பயந்தே பையன்கள் முன்னதாக மைதானத்துக்கு ஓடிவிடுவார்களாம். தன் அணிப் பையன் பந்தை உதைக்கும்போது பார்க்கத் தாங்காமல் திரும்பி நின்று, கூட்டத்தின் சத்தத்தை வைத்தே உள்ளே போனதா இல்லையா என்று தெரிந்துகொள்வாராம். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து மிதிப்பாராம்.

அப்படி மிதித்த தொப்பி ஒன்று எங்கள் கடைச் சுவரில் தொங்கியது. எழுபத்தொன்றில் ஒரு மழை ஆட்டத்தில் ஹோய்ட் சார் வேலி தாண்டிக் குதித்து எடுத்துவந்தது. இந்தக் கதை எனக்கு நன்றாகவே தெரியும். எனக்குத் தெரியாதது அதன் மேலிருந்த மண்ணைப் பற்றி. அது அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, சுவரில் இருப்பதெல்லாம் பளபளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஹோய்ட் சார் விறகு பார்க்கப் போனார். நான் படங்களைத் துடைத்தேன், மான் கொம்பைத் துடைத்தேன், தொப்பியைச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். போடுவதற்கு முன் உள்ளே தோல் பட்டையைத் திருப்பியபோது மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. தொப்பி பெரிதாக இருந்தால் நம் மாமா செருகிக்கொள்வாரே, அந்த மாதிரி. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேய்த்தேன். தொப்பி புதுசு மாதிரி வந்தது. எனக்கே பெருமை.

அப்புறம்தான் அது தொங்கிய ஆணிக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் இருந்த பத்திரிகைத் துண்டைத் துடைத்தேன். துடைக்கும்போது படித்தேன். 'அன்றைய மைதானத்தின் மண் இன்றும் அதன் மேல் இருக்கிறது.' அம்மா, வாளியைத் தேடி ஓடினேன்.

வாளியில் இருந்த மண் தண்ணீரை ஏற்கெனவே கொட்டியிருந்தேன். கொல்லைப்பக்கம் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். கல்லூரி வேதியியல் பரீட்சைத் தாள். சிவப்பு மையில் நாற்பத்தொன்று. மேலே பெயர்: லீலண்ட் டிட்வெல்.

டிட்வெல் சாரை எனக்குத் தெரியும், சனிக்கிழமைதோறும் வருவார். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் வாளி தூக்கியவர். கோச் ரொம்பக் கெட்டிக்காரர், சொந்தத் தொப்பியை ஒருநாளும் எறிய மாட்டார், பக்கத்தில் நிற்பவன் தலையிலிருந்து பிடுங்கித்தான் எறிவார், சுவரில் தொங்குவது தன் தொப்பி என்று ஐம்பது வருஷமாகச் சொல்கிறார். ஒருவரும் நம்பியதில்லை. அந்த மழையில் நானும் இருந்தேன் என்று சொல்கிற எல்லோரும் உண்மையிலேயே இருந்திருந்தால் மைதானமே பூமிக்குள் இறங்கியிருக்கும் என்று பழைய தபால்காரர் வேமன் கிண்டல் செய்வார்.

காகிதத்தை அடுப்பில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். மண்ணும் போய், அது கோச்சின் தொப்பியே இல்லை என்றும் ஆனால் ஹோய்ட் சாருக்கு என்ன மிச்சம்? ஆனால் டிட்வெல் சார் ஒவ்வொரு வாரமும் கெஞ்சுவது போலச் சொல்வதும் கண்ணில் நின்றது. ஹோய்ட் சார் வந்ததும் இரண்டையும் மேசையில் வைத்தேன்.

"தொப்பியத் தொவைச்சிட்டியா?"

"ஆமா சார். பொகைன்னு நெனச்சேன்."

அவர் தொப்பியைப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் படித்தார், இரண்டு தரம். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். வேலை போய்விட்டது என்று நான் என் பையில் துணிகளை அடுக்கி வைத்தேன்.

மறுநாள் கிழவர்கள் வந்தார்கள். ஆணியில் சுத்தமாகத் தொங்கிய தொப்பியைப் பார்த்தார்கள். தொப்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார் என்று வேமன்தான் முதலில் கேட்டார். நான் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிட்வெல் சார் வழக்கம்போல, மண் போனாலும் தொப்பி என்னுடையதுதான் என்று ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஹோய்ட் சார் மட்டும் சிரிக்கவில்லை.

"லீலண்டு, கெமிஸ்ட்ரில எவ்ளோ வாங்குன?"

"அது எதுக்கு இப்போ? பாஸுதான்."

"நாப்பத்தொண்ணு. உங்கப்பன் கண்ணுல படாம தொப்பிக்குள்ள சொருகியிருக்க."

காகிதத்தை அவர் முன்னால் வைத்தார். டிட்வெல் சார் குனிந்து தன் பெயரைப் படித்தார். அப்பாவின் தொப்பி அது, தன் தலைக்குப் பெரிது, அதற்காகவும்தான் தாளைச் செருகியது என்று மெதுவாகச் சொன்னார். தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். இன்னும் காது வரைக்கும் இறங்கியது.

"ஆட்டம் முடிஞ்சதும் கோச் எங்கிட்ட வந்தாருடா. 'ஒன் தொப்பி நல்லாப் பறக்குது, அடுத்த வாரமும் போட்டுட்டு வா'ன்னாரு. அம்பது வருசமா இதச் சொல்லக்கூட விடல நீங்க."

அதன் பிறகு ஒருவரும் அவர் பேச்சை மறிக்கவில்லை. வேமனே எழுந்துபோய் அவருக்குக் காபி ஊற்றினார். அந்த மழை ஆட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை டிட்வெல் சார் சொன்னார். வேலி தாண்டிக் குதித்தவனைக் காவல்காரர் துரத்தியதையும் சொன்னார். ஹோய்ட் சாருக்குத் தன் கதையைத் தானே புதிதாகக் கேட்பது போல முகம் மலர்ந்துவிட்டது. தொப்பியைக் கொண்டுபோகும்படி ஹோய்ட் சார் சொன்னதற்கு டிட்வெல் சார் மறுத்துவிட்டார். இங்கேயே தொங்கட்டும், கீழே என் பெயரை மட்டும் எழுதுங்கள் என்றார். பரீட்சைத் தாளையும் பக்கத்தில் மாட்டுவோம் என்று வேமன் பிடிவாதம். மார்க்கை மறைப்பதா வேண்டாமா என்று அவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

கூட்டம் கலைந்து ஆட்டத்துக்குப் போகும்போது ஹோய்ட் சார் என் அறை வாசலில் நின்றார். கட்டி வைத்த பையைப் பார்த்தார்.

"எங்கடா கெளம்பிட்ட? திங்கக்கெழம வெறகு வருது, ஆறு மணிக்கு எந்திரிக்கணும். இனிமே எதையாச்சும் தொவைக்கிறதுன்னா என்னக் கேட்டுட்டுத் தொவை."

துணிகளை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். யெசேனியா, இதைப் படித்து முடித்ததும் அம்மாவின் குரலை ஃபோனில் ஒரு நிமிடம் பதிவுசெய்து அனுப்பு.