ஞானமுத்து கொடுத்த மாடு

நுவரெலியா மலைப்பக்கம், ராகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஞானமுத்துவைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய காசைக் கண்ணால் கண்டவர்தான் கிடையாது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார், முதல் வரிசையில் உட்காருவார், தொண்டை கிழியப் பாடுவார். காணிக்கைப் பை நெருங்கும்போது மட்டும் எங்கிருந்தோ பக்தி முற்றிக் கண் தானாக மூடிக்கொள்ளும். பை அடுத்தவர் கைக்குப் போன பிறகுதான் திறக்கும். அப்படியொரு ஜெபம் அந்தச் சபையில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சபைக் கமிட்டியில் உட்கார ஆசை வந்துவிட்டது. ஆசைக்கென்ன, யாருக்கும் வரலாம். ஆனால் கமிட்டிக்குக் கை தூக்க வேண்டியவர்கள் சபைச் சனங்கள் அல்லவா? அவர்கள் ஞானமுத்து பெயரைச் சொன்னாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். அறுப்புப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு போதகர் துரைராசா பிரசங்கத்தில் வெளுத்து வாங்கினார். யாழ்ப்பாணத்து மனிதர், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது. "நோகாமல் குடுக்கிறது காணிக்கை இல்லை, கண்டியளோ! வீட்டில மிஞ்சினதைக் கொண்டுவந்து ஆண்டவரின்ரை தலையில கட்டாதேங்கோ!" என்றார். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். ஞானமுத்து குனியவில்லை. அவருக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் நடக்கும். லீக்ஸ், கரட், பூசணி, முட்டை, கோழி என்று சனங்கள் கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் கூவி விற்பார்கள். அதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கொடுத்தவரே தன் பொருளை ஏலத்தில் கேட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆசையாக வளர்த்த கோழியைக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் நல்ல விலை போட்டு அவர்களே எடுத்துக்கொண்டு போவார்கள். கோழியும் தப்பும், கோயிலுக்கும் காசு சேரும்.

இந்தச் சட்டத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை இருப்பது அத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை. ஞானமுத்து கண்ணில் பட்டது. மாட்டைக் கொடுக்க வேண்டியது; ஊரே வாயைப் பிளக்கும். பிறகு இருநூறு ரூபாய்க்குக் கேட்க வேண்டியது. ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். கோழி விலையில் மாடு கொடுத்த பெயர், கூடவே கமிட்டி நாற்காலி. அடேயப்பா, என்ன மூளை!

ரோசி என்ற அந்த மாடு ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதன் பால் ராகலை பசாரில் நஸார் தேநீர்க்கடைக்குப் போனது. அந்தப் பால்காசில்தான் வீடு ஓடியது. ஞானமுத்துவின் சம்பளம் வங்கியில் தூங்கியது. ரோசி கைவிட்டுப் போனால் அந்தச் சம்பளத்தைத் தட்டி எழுப்ப வேண்டிவரும். ஆனால் ரோசி எங்கே போகப்போகிறது?

மனைவி எஸ்தரம்மாவிடம் திட்டத்தைச் சொல்லவில்லை. அவளிடம் ரகசியம் நிற்காது. ஆண்டவரிடம் சொல்கிறேன் என்று ஜெபத்தில் உட்கார்ந்து லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கச் சொல்லிவிடுவாள். ஆகவே பாதியைத்தான் சொன்னார்.

"எஸ்தரு, ரோசிய கோயிலுக்குக் குடுத்துருவோம்னு இருக்கேன்."

குய்யோ முறையோ என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நெசமாவாங்க? எனக்கு நுவரெலியாவுல ஒப்பரேசன் செஞ்சப்ப வேன் புடிச்சு, சோறாக்கி, ராவும் பகலும் பாத்துக்கிட்டது இந்தக் கோயில் சனங்கதானே. அவுங்களுக்கு ஒன்னும் செய்யலியேன்னு எத்தன வருசமா மருகிக்கிட்டுக் கெடக்குறேன். ஆண்டவரு ஒங்க மனசத் தொறந்துட்டாருங்க!"

ஞானமுத்துவுக்கு ஒரு நிமிஷம் என்னவோ போல் இருந்தது. பிறகு சரியாகிவிட்டது.

பண்டிகையன்று எஸ்தரம்மா ரோசியைக் குளிப்பாட்டி, கழுத்தில் டேலியாப்பூ மாலை போட்டு முற்றத்துக்கு ஓட்டி வந்தாள். சனங்கள் மாட்டைப் பார்த்தார்கள், ஞானமுத்துவைப் பார்த்தார்கள், மறுபடியும் மாட்டைப் பார்த்தார்கள்.

"என்ன ஞானமுத்தர், மாடோ! மெய்யாவே?" என்றார் போதகர்.

"எல்லாம் ஆண்டவரு குடுத்ததுங்க, ஐயா," என்றார் ஞானமுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து. வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று பழகிய சாய்ப்பு அது.

ஏலம் கூவியவர் செல்லசாமி கங்காணி. விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. கூவினால் அடுத்த மலையில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். ரோசியின் முறை வந்ததும் ஞானமுத்து முந்திக்கொண்டார்.

"எறநூறு!"

சட்டப்படி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றிரண்டு பேர் பல்லைக் கடித்தார்கள், அவ்வளவுதான்.

"எறநூறு ஒரு தரம்... எறநூறு ரெண்டு தரம்..."

"ஆயிரம்!" என்று வாசல் கேட் பக்கமிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். தேநீர்க்கடை நஸார், எஸ்தரம்மா அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் மனிதர், வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமுமாக நின்றார். அவர் இந்தச் சபையா என்ன, எழுதாத சட்டம் தெரிவதற்கு? தெரிந்த ஒருவராவது எடுத்துச் சொல்லலாம். ஊஹூம். சனங்கள் இடம் பிடித்து வசதியாக நின்றுகொண்டார்கள்.

ஞானமுத்து விடவில்லை. ஆயிரத்தைந்நூறு என்றார். நஸார் இரண்டாயிரம் என்றார். ஞானமுத்து கண்ணைக் காட்டினார், கையை ஆட்டினார், மூவாயிரம் என்றார். நஸார் தாராளமாக நாலாயிரம் என்றார். ஞானமுத்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் காதைக் கடித்தார்.

"என்னப்பா நஸாரு, என்னா வேல பாக்குற? நிறுத்துப்பா!"

"தங்கச்சி நேத்துப் பால் கொண்டாறப்ப சொன்னாங்கண்ணே, கோயிலுக்கு நல்ல வெல கெடைக்கணும்னு. ஒங்க மாடு எறநூறுக்குப் போனா எனக்கில்ல அசிங்கம்?" நஸார் குரலைத் தாழ்த்திக் கண்ணடித்தார். "நீங்க வெல ஏத்திவிடுறது வெளங்குது. சும்மா ஏத்துங்கண்ணே, நான் இருக்கேன்!"

ஏழாயிரத்தில் நஸார் நின்றார். மாட்டின் முழு விலையும் ஏறக்குறைய அதுதான். எட்டாயிரம் என்றால் வங்கிக் காசு போகும். சும்மா இருந்தால் ரோசி போகும். ரோசி போனால் மாதாமாதம் வங்கிக் காசும் போகும். எட்டாயிரம்தான் லாபம். வாயைத் திறந்தார்.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். எஸ்தரம்மா.

"போதுங்க. நஸார் நானாவே எடுத்துக்கட்டும். நீங்க எதுக்குத் திரும்பக் கேக்குறீங்க?"

"நம்ம மாடு, எஸ்தரு..."

"நம்ம மாடா? அதத்தான் குடுத்தாச்சுங்களே." அவள் முகம் மலர்ந்திருந்தது; கல்யாணத்தன்றுகூட அவர் அதை அப்படிப் பார்த்ததில்லை. "இருவது வருசமா இந்தக் கோயிலுக்குள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்துட்டேங்க. இன்னைக்குத்தான் நிமிந்து வந்தேன்."

"ஏழாயிரம் ஒரு தரம்!" என்றார் செல்லசாமி. எட்டாயிரம் ஞானமுத்துவின் நாக்கு நுனியில் நின்றது. "ரெண்டு தரம்!" கங்காணி வேண்டுமென்றே இழுத்தார். ஞானமுத்து மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூணு தரம்!"

ரோசி போயிற்று. கைதட்டல் அடங்கவே நேரமானது. ஞானமுத்துவின் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று முடிவு செய்த போதகர், அவரை முன்னால் இழுத்து நிறுத்தி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். தயார் செய்து வைத்திருந்த அருமையான பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை.

"நான் குடுக்க வரலைங்க, ஐயா," என்று விம்மினார். "எறநூறு ரூவாய்க்குத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போகத்தான் வந்தேன்!"

முற்றமே வெடித்துச் சிரித்தது. செல்லசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு தாழ்மை, பாத்தியளோ! செய்த நன்மையைப் பகிடியாக்கிப் போட்டார்!" என்று, அதை வேடிக்கைப் பேச்சென்றே நம்பி, போதகர் உருகினார். கமிட்டிக்கு இவரைப் போடாமல் வேறு யாரைப் போடுவது என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

எஸ்தரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

லயத்துக்கு ஏறும் பாதையில் எஸ்தரம்மா முன்னால் நடந்தாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயைத் தாண்டியதும் அவள் நின்றாள்.

"அங்க சொன்னது நெசமாங்க?"

"நெசந்தான்."

"எறநூறு ரூவாய்க்கு?"

"ஆமா."

அவள் தூரத்து மலையைப் பார்த்தாள். திட்டித் தீர்க்கப்போகிறாள் என்று ஞானமுத்து தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"பெறகு எட்டாயிரம்னு கேக்க வாயத் தொறந்தீங்களே, ஏன் மூடிக்கிட்டீங்க?"

"ஒன் மூஞ்சியப் பாத்தேன்," என்றார். "அதுக்கு மேல முடியல."

எஸ்தரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு எழுந்து, நாலு பேர் பார்க்கும் பாதை என்பதையும் மறந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க குடுத்தது குடுத்ததுதாங்க," என்றாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம். இனிமே நமக்குப் பாலில்லாத பிளேன்டீதான்."