மூன்றாவது ரீலும் நான்காவது ரீலும்

சனிக்கிழமை காலைக் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் நான் இரண்டு டப்பாக்களை நீட்ட வேண்டும். சிவப்பு டப்பா என்றால் ‘இந்த மாதிரி இன்னும் போடுங்க’ என்று அர்த்தம். நீல டப்பா என்றால் ‘போதும்’. கையில் இருக்கும் பாதி டிக்கெட்டை எதில் வேண்டுமானாலும் போடலாம். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால்தான் தியேட்டர் முதலாளியம்மா அதை எனக்குக் கொடுத்தார். எழுந்து நின்று பாடம் படிக்கச் சொல்வார்களே என்று பயந்தே ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

புதுப் படங்களைக் கம்ப்யூட்டரே ஓட்டிக்கொள்கிறது. ரீலில் ஓடும் பழைய படம் சனிக்கிழமை மட்டும்தான். அதற்காகவே மாடி அறையில் பழைய புரொஜெக்டரை வைத்திருந்தார்கள். அதை ஓட்டுகிறவள் என் அக்கா. சில மாதங்களாக நீல டப்பாதான் நிறைந்துகொண்டிருந்தது. இந்த மாதமும் அப்படியே போனால் காட்சியை நிறுத்திவிட்டு மிஷினையும் விற்றுவிடப் போவதாக முதலாளியம்மா சொல்லிவிட்டார். அக்காவுக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் அந்த மிஷினைத் தவிர எதன் மேலும் அவளுக்கு ஒட்டுதல் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான்.

படம் எப்படி என்று அவளிடம் கேட்டால், “நல்ல படம், ஃபிலிம்ல எங்கயும் ஒட்டு பிரியல” என்பாள். கதை பார்க்க மாட்டாள். ஃபோகஸைப் பார்ப்பாள். அடுத்த ரீலைத் தொடங்கச் சொல்லித் திரையின் மூலையில் ஒரு புள்ளி வரும், அதைப் பார்ப்பாள். கதை பார்ப்பவள் நான். புதுப் படங்களில் எனக்குப் பிடித்தவை குறைவு. ராக்கெட் வெடிக்கும், நகரம் அழியும், கதாநாயகனின் தலைமுடி கலையாது. பழைய படங்களில் ராக்கெட் அட்டையில் செய்தது. அதைத் தாங்குகிற நூல்கூடத் தெரியும். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவன் பயப்படுகிறான் என்பதை நம்ப முடியும்.

ஒரு சனிக்கிழமை அப்படி ஒரு படம் வந்தது. எங்கோ ஒரு கிரகத்தில் தனியாக ஒரு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறாள் ஒரு பெண். பூமியிலிருந்து அவளுடைய தம்பி குரல் கடிதங்கள் அனுப்புகிறான். அவை வந்து சேரப் பல வருடம் ஆகும். மூன்றாவது ரீலில் அவள் அவற்றைக் கேட்டுச் சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள், பதில் பேசி அனுப்புகிறாள். நான்காவது ரீலில் ஒரு கப்பல் வருகிறது, தம்பி எப்போதோ செத்துவிட்டான் என்ற செய்தியோடு. முதலில் நாவலாக வந்த கதை. பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்திருக்கிறேன். பாதிப் புத்தகம் இஞ்சினைப் பற்றி, மீதிப் பாதி அவள் அழும் அழுகை. கொட்டாவி வந்தது.

ரீல் பெட்டிகளில் ஒட்டியிருந்த எண்கள் உரிந்துபோயிருந்தன. அக்கா ஒவ்வொரு ரீலின் நுனியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கியிருக்கிறாள். மூன்றாவதும் நான்காவதும் ஒரே இரும்புக் கதவு திறப்பதில் தொடங்குகின்றன. அக்காவுக்கு அது கதவு, அவ்வளவுதான்.

ஆகவே திரையில் தம்பி முதலில் செத்தான். அதற்கப்புறம் அவன் கடிதங்கள் வந்தன. அவள் உட்கார்ந்து கேட்டாள், சிரித்தாள், நீ சொல்வது தப்பு என்று அவனோடு மல்லுக்கு நின்றாள். ரீல் மாறிவிட்டது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாசல் திரைச்சீலையைப் பிடித்தபடி நகராமல் நின்றேன்.

அன்று சிவப்பு டப்பா நிறைந்து வழிந்தது. எப்போதும் பாதியில் எழுந்து போவதால் ‘இடைவேளை’ என்று பெயர் வாங்கிய மனிதர்கூடக் கடைசிவரை இருந்தார்.

“செத்தவன் லெட்டருக்கு உக்காந்து பதில் சொல்றா பாருங்க,” என்றார் பல் டாக்டர். “இந்தத் துணிச்சல் இப்ப எவனுக்கு இருக்கு?”

“துணிச்சல் இருக்கட்டும் டாக்டர், உங்க கர்சீஃப் குடுங்க. என்னோடது நனைஞ்சு போச்சு,” என்றார் தையல்காரம்மா.

அடுத்த வாரமும் இதே படம் என்று முதலாளியம்மா அங்கேயே அறிவித்தார்.

மதியம் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“நான் யார்கிட்ட எதைச் சொல்லியிருக்கேன்?”

“அடுத்த வாரம் சரியா ஓட்டிடறேன்.”

“வேணாம்க்கா. மாறினதுதான் நல்லாயிருக்கு. சரியா ஓட்டினா நீல டப்பாதான்.”

“தெரியாம மாத்தினா தப்பு. தெரிஞ்சே மாத்தினா அயோக்கியத்தனம். எடுத்தவன் எப்படி எடுத்தானோ அப்படி ஓட்டறதுதான் என் வேலை.”

“அந்த வேலையே இருக்காது.”

“இருக்கிற வரைக்கும் ஒழுங்கா செய்யறேன். உன் கதையெல்லாம் உன்னோட வச்சுக்கோ.”

அடுத்த சனிக்கிழமை பல் டாக்டர் நண்பர்களைக் கூட்டி வந்திருந்தார். விளக்கு அணைவதற்கு முன், மாடியை விட்டு இறங்காத அக்கா இறங்கி வந்தாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே திரைக்கு முன்னால் நின்றாள்.

“போன வாரம் ரெண்டு ரீல் மாறிப் போச்சு. என் தப்பு. இன்னிக்கு எடுத்த மாதிரியே ஓடும்.”

“அப்ப ஒரு வாரமா நான் வர்றவங்க பல்லைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னதெல்லாம்?” என்றார் டாக்டர்.

“வாயைத் திறந்துக்கிட்டுக் கேட்டவங்கதானே, எதிர்த்துப் பேசியிருக்க மாட்டாங்க,” என்றார் தையல்காரம்மா.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. “மாறினது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“இவதான் சொன்னா. மாறினதுதான் நல்லாயிருக்குன்னு வேற சொல்றா.”

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஓடிவிடலாம், கதவு பின்னால்தான் இருந்தது. ஆனால் அக்கா தன் தப்பைச் சொல்லிவிட்டுத் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

“புத்தகத்துல அவ அழுதுக்கிட்டே இருக்கா,” என்று கையில் இருந்த டப்பாக்களைப் பார்த்துச் சொன்னேன். “போன வாரம், செத்துட்டான்னு தெரிஞ்சும் அவனோட சண்டை போட்டா. எனக்கு அதான் பிடிச்சுது.”

ஆரம்பித்ததை முடித்துவிடலாம் என்று தோன்றியது.

“மாத்த வேணாம். படம் சரியாவே ஓடட்டும். முடிஞ்சதும் மூணாவது ரீலை மட்டும் இன்னொரு தடவை போட்டா... இருக்கிறவங்க இருக்கட்டும்.”

அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். “திரும்பப் போடறதுல தப்பில்ல,” என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

படம் ஓடியது. கடிதங்கள் வந்தன, தம்பி செத்தான், அவள் அழுதாள். நாவலைவிடக் குறைவாகத்தான். படம் முடிந்தும் விளக்கு எரியவில்லை. நான் டப்பாக்களோடு வாசலில் தயாராக நின்றேன். இடைவேளைக்காரர் எழுந்து வந்தார். இரண்டையும் நீட்டினேன்.

“தண்ணி குடிக்கத்தாம்மா வந்தேன்,” என்று சொல்லிக் குடித்துவிட்டு உள்ளே போனார். திரையில் இரும்புக் கதவு மறுபடி திறந்தது. வேறு யாரும் வரவில்லை.

முதலாளியம்மா காலி டப்பாக்களை எட்டிப் பார்த்தார். “சரி, அடுத்த வாரம் என்ன படம் வேணும்னு உங்க அக்காகிட்டக் கேட்டுட்டு வா.”

மாடி ஏறிப் போய்க் கேட்டேன்.

“பேசாதே, புள்ளி வரப்போகுது,” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையில் அந்தப் பெண் தம்பியிடம் கத்திக்கொண்டிருந்தாள். மூலையில் புள்ளி வந்து போனது. அக்கா அதைப் பார்க்கவில்லை.