கப்பலில் ஏறிய சண்டை

உல்லாசக் கப்பலில் பாடுகிற வேலைக்கு இராசநாயகமும் இரத்தினேஸ்வரியும் போய்ச் சேர்ந்த அன்று, புருசனும் பெண்சாதியும் தங்களுக்குள் கதைப்பதை விட்டு மூன்று நாளாகியிருந்தது.

இருபத்தாறு வருசமாகச் சோடியாகப் பாடியவர்கள். அவர் கீபோர்ட் வாசித்துக்கொண்டே பாடுவார். அவள் பக்கத்தில் நின்று பாடுவாள். நிலாவெளி தொடக்கம் கிண்ணியா வரை கலியாணம் கட்டியவர்களில் பாதிப் பேர் இவர்கள் பாடப் பாடத்தான் தங்கள் கலியாணச் சோற்றைச் சாப்பிட்டிருப்பார்கள். அவருக்கு ஐம்பத்து நாலு, அவளுக்கு ஐம்பது. இந்த வயதில், சென்னையிலிருந்து திருகோணமலைக்கு வந்து போகும் கப்பலொன்றுக்குப் பழைய பாட்டுப் பாடும் சோடி தேவையென்று விளம்பரம் கண்டு, இராசநாயகம் தன் கைப்பேசியிலேயே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினார். எடுத்தும் விட்டார்கள். கொழும்பில் ஐந்து நாள் பாதுகாப்புப் பயிற்சியும் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் கைப்பேசிக்கு ஒப்பந்தம் வந்தது.

அதை இரத்தினேஸ்வரி குசினியில் நின்று வாசித்தாள். அவர் பெயருக்கு நேரே ‘இசைக்கலைஞர்’ என்றிருந்தது. தன் பெயருக்கு நேரே ‘இசைக்கலைஞரின் உதவியாளர்’ என்றிருந்தது.

“இது ஆர் எழுதினது?”

“அந்தப் படிவத்தில பாடகி எண்டு ஒரு பெட்டி இருக்கேல்லயப்பா. கிட்டத்தட்ட வாறதை அமத்தினனான்” என்றார் இராசநாயகம்.

‘கிட்டத்தட்ட’ என்ற சொல்தான் அவளுக்குத் தாங்கவில்லை. கைப்பேசியைத் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள். அன்றோடு கதை நின்றது.

பாலையூற்றில் இவர்களுடைய ஒழுங்கையிலேயே இருக்கும் றம்ஸான் தன் ஓட்டோவில் இருவரையும் துறைமுகத்துக்கு ஏற்றிப் போனான். நடுவில் கீபோர்ட் பெட்டி இருந்தது வசதியாகப் போயிற்று. றம்ஸான் கண்ணாடியில் பார்த்து, “என்ன அக்கா, சந்தோசமான பயணம்தானே?” என்று கேட்டான். அவள் “ஓம் தம்பி” என்றாள். அவர் “சரியான சந்தோசம்” என்றார். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

கப்பலில் கிடைத்த அறை அவர்களுடைய வீட்டு அலுமாரியை விடக் கொஞ்சம்தான் பெரிது. யன்னல் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டில்கள். இரத்தினேஸ்வரி தன் தலையணை உறையைக் கீழ்க் கட்டிலில் மாட்டினாள். இராசநாயகத்துக்கு முழங்கால் வருத்தம் இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மாட்டினாள்.

பின்னேரம் கப்பல் புறப்பட்டது. வேலையாட்களுக்கான பின் தளத்தில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பல் துறைமுக வாயைக் கடந்து திரும்பியதும், பிறந்த நாள் தொட்டுப் படியேறிக் கும்பிட்ட கோணேசர் கோயில், மலையுச்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கை தானாகக் குவிந்தது. கண்ணைத் திறந்தபோது நாலடி தள்ளி இராசநாயகமும் கும்பிட்டபடி நிற்பதைக் கண்டாள். அவர் என்ன வேண்டினாரோ தெரியாது. அவள், மேல் கட்டில் ஏணி வழுக்காமல் இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டினாள்.

ஆறரைக்கு முதல் நிகழ்ச்சி. சென்னைக்குத் திரும்பிப் போகும் ஆட்கள் இருநூறு பேர்வரை மண்டபத்தில் இருந்தார்கள். கீபோர்டுக்கு மின்சாரம் வரவில்லையென்று இராசநாயகம் மேடைக்குப் பின்னால் குனிந்து நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. கேளிக்கைப் பகுதிக்குப் பொறுப்பான ஹேமா என்ற சென்னைப் பெண், ஏதாவது பேசுங்கள் என்று ஓரத்திலிருந்து கையைக் காட்டினாள்.

இரத்தினேஸ்வரி ஒலிவாங்கியை எடுத்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் உதவியாளர் இரத்தினேஸ்வரி. கலைஞர் பின்னால வயர் கொழுவிக்கொண்டு நிக்கிறார். அவர் வந்த உடன நான் உதவி செய்யத் தொடங்குவன்.”

ஆட்கள் சிரித்தார்கள். இராசநாயகம் வியர்த்துப்போய் எழும்பி வந்து தன் ஒலிவாங்கியைத் தட்டினார்.

“அது படிவத்தில வந்த பிழை. பாடகி எண்டு ஒரு பெட்டி அதில இருக்கேல்ல.”

“கலைஞர் எண்டு ஒரு பெட்டி இருந்தது. அதுக்குள்ள ரெண்டு பேரைப் போட இடம் காணாதாம்.”

“ரெண்டாம் ஆளைப் போட்டிருந்தால், அவ பாட்டு வரியை மறக்கிறதையும் சேர்த்தெல்லோ எழுதவேணும்.”

முன்வரிசையில் ஒரு கிழவி தன் புருசனின் விலாவில் முழங்கையால் இடித்தாள். அதற்குப் பிறகு பாட்டுத் தொடங்கியது. நீயில்லாமல் எனக்கு வாழ்வில்லை என்று வரும் அடியை இரத்தினேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்துப் பாடினாள். அவள் பாடிய விதத்தில், நீயில்லாவிட்டால் எவ்வளவு நிம்மதி என்றுதான் கேட்டவர்களுக்கு விளங்கியது. இராசநாயகம் பதிலுக்கு அடுத்த அடியை அரைச் சுருதி கூட்டிப் பிடித்தார். அவளும் விடவில்லை. அந்தப் பாட்டை இருவரும் இருபத்தாறு வருசத்தில் அவ்வளவு உயிரோடு பாடியதில்லை. சனம் எழும்பி நின்று கைதட்டியது.

மறுநாள் விடிய அவர் மேல் கட்டிலிலிருந்து இறங்கி வந்தபோது நெற்றியில் நெல்லிக்காயளவு வீக்கம் இருந்தது. எழும்பும்போதெல்லாம் கூரையில் இடித்திருக்கிறார். அவள் கொஞ்ச நேரம் பார்க்காதது போலிருந்தாள்.

“எங்க, காட்டுங்கோ.”

அவர் குனிந்து காட்டினார். அவள் பையிலிருந்து தைலத்தை எடுத்து, தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தித் தேய்த்தாள்.

“நான் அந்தப் படிவத்தை உமக்குக் காட்டிப்போட்டு அனுப்பியிருக்கவேணும்” என்றார் அவர்.

“ஓம். காட்டியிருக்கவேணும்.”

“இண்டைக்கு ஹேமாட்டச் சொல்லி மாத்துவிக்கிறன்.”

அவ்வளவுதான். காலைச் சாப்பாட்டுக்குச் சேர்ந்து போனார்கள். அவர் அவளுக்கு அவித்த முட்டையை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஹேமா ஓடி வந்தாள். பதவிப் பெயரை மாற்றுவதற்கு அரை நிமிடத்தில் சம்மதித்தாள். அவள் வந்தது வேறு விசயமாக.

“மேடம், நேத்து அந்தச் சண்டை செம்மயா இருந்துச்சு. யார் எழுதிக் குடுத்தாங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க. இன்னிக்கும் அப்படியே பண்ணிடுங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்போதுதான் சமாதானமாகியிருந்தார்கள்.

இராசநாயகம் பகல் முழுக்கக் கொப்பியும் பேனையுமாக இருந்து ஒரு சண்டையை எழுதினார். அன்றைய நிகழ்ச்சியில், “நீர் ஒரு பொல்லாத மனுசி” என்று அவர் கொப்பியைப் பார்த்து வாசித்தார். நல்ல மனத்தோடு நின்ற இரத்தினேஸ்வரி, “நன்றி” என்று சொல்லிவிட்டாள். மண்டபத்தில் யாரோ இருமியது தெளிவாகக் கேட்டது.

“நேத்து மாதிரி இல்லையே மேடம்” என்றாள் ஹேமா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இரத்தினேஸ்வரிக்கு இன்னும் கவலையாக இருந்தது. அவள் எந்தக் கலியாண மண்டபத்திலிருந்தும் அப்படிப் பெயர் கெட்டு இறங்கியதில்லை.

சென்னையில் பழைய ஆட்கள் இறங்கிப் புதிய ஆட்கள் ஏறினார்கள். அன்று மாலை மேடையில், கொப்பியை விரித்த இராசநாயகத்தின் கையை அவள் மெல்லத் தள்ளிவிட்டாள்.

“இந்தக் கப்பலில நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை” என்று சனத்தைப் பார்த்துச் சொன்னாள். “என்ர மனுசன் உயிர்காப்புப் பயிற்சி எடுத்தவர். நான் தண்ணிக்குள்ள குதிச்சு, கரையேறி, தலை துடைச்சு, தேத்தண்ணியும் குடிச்சு முடிச்சன். அவர் அப்பவும் குளத்து ஏணியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவர். பிறகு ரெண்டு பேர் வந்து விரலை ஒவ்வொண்டாக் கழட்டினவை.”

மண்டபம் அதிர்ந்தது. இதை அவள் வெளியில் சொல்வதில்லையென்று கொழும்பிலேயே வாக்குக் கொடுத்திருந்தாள். இராசநாயகத்தின் காது சிவந்தது.

“அப்ப நானும் ஒண்டு சொல்லுறன்” என்றார். “இப்ப பாடப்போற பாட்டில மூண்டாவது அடியை இவ இருபத்தாறு வருசமாப் பிழையாத்தான் பாடுறா. அந்த இடம் வரேக்க நான் கீபோர்ட் சத்தத்தைக் கூட்டிப்போடுவன். அதாலதான் ஒருத்தருக்கும் தெரியாது.”

இது அவளுக்கே தெரியாது. உண்மையாகவே நெஞ்சு சுட்டது. அன்று அவள் மூன்றாவது அடியைத் திருத்திப் பாடினாள், ஒவ்வொரு எழுத்தும் கல்லில் வெட்டினது போல. அவர் சத்தத்தைக் கூட்டவில்லை. அடுத்த நாள் மத்தியானம் வரை இருவருக்கும் கதையில்லை. ஹேமாவுக்கு மட்டும் பெரிய சந்தோசம்.

கப்பல் மறுபடி திருகோணமலைக்கு வந்து நின்றபோது, வேலையாட்களுக்கு இரண்டு மணித்தியாலம் வெளியே போக விட்டார்கள். இருவரும் மறுபடி இராசியாகி, மீன் வாங்குவோமா, வீட்டுக்கு ஓடிப்போய் வருவோமா என்று கதைத்துக்கொண்டே துறைமுக வாசலுக்கு வந்தார்கள். அங்கே றம்ஸானின் ஓட்டோ நின்றது. அதிலிருந்து இறங்கினவள் சிவரூபி. இராசநாயகத்தின் மூத்த அக்கா, உப்புவெளியில் இருப்பவள். கையில் பெரிய சாப்பாட்டுப் பார்சல். முகம் செத்த வீட்டுக்கு வந்தது போலிருந்தது.

“ஆரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுத்துது அக்கா” என்றான் றம்ஸான் இரத்தினேஸ்வரியிடம், குரலைத் தாழ்த்தி. “ஏணிக் கதையும் இருக்கி, மூணாம் அடியும் இருக்கி. நீங்க ரெண்டு பேரும் பிரியப் போறீங்க எண்டு செல்றாங்க. இவங்க ரெண்டு நாளா என்னை நித்திரை கொள்ள விடல்ல.”

“மச்சாள், அது வேலை” என்றாள் இரத்தினேஸ்வரி. “மேடையில சண்டை பிடிக்கச் சொல்லிக் கேக்கினம். அதுக்குத்தான் சம்பளம்.”

“சண்டை பிடிக்கிறதுக்கு ஆரும் சம்பளம் குடுப்பினமோ? எனக்கு விசர்க்கதை சொல்லாதை.” சிவரூபி பார்சலை றம்ஸானிடம் கொடுத்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள். “நீ பேசாமல் நில். பிழை உன்னிலதான் எண்டு எனக்குத் தெரியும்.” பிறகு இரத்தினேஸ்வரியின் கையைப் பிடித்தாள். “ஈசு, நான் உனக்காகத்தான் கேக்க வந்தனான். இவன் சின்னனில இருந்தே இப்பிடித்தான். தன்னைவிட்டா ஆளில்லை எண்ட எண்ணம். ஆறாம் வகுப்பில பாட்டுப் போட்டியில மூண்டாமிடம் எடுத்தனான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவன்.”

“அந்தச் சான்றிதழ் எங்கட வீட்டுச் சுவரில கண்ணாடி போட்டுக் கொழுவியிருக்கு மச்சாள்.”

“கொழுவுவான். பாடினதே மூண்டு பேர்தான்.”

“அக்கா” என்றார் இராசநாயகம்.

“அதிலயும் ஒரு பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தது.”

இரத்தினேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்த சிவரூபி அவளை அணைத்து, ஒரு குடும்பம் எப்படி நடக்கவேண்டுமென்று இன்னும் கால் மணித்தியாலம் சொன்னாள். பேசி முடித்த நிம்மதியில் தம்பியின் தலையையும் தடவிவிட்டு ஓட்டோவில் ஏறினாள். மீன் வாங்க நேரமில்லை. றம்ஸான் இரத்தினேஸ்வரியிடம் நீட்டிய பார்சலுக்குள் பொரித்த மீன் இருந்தது.

இறங்குதுறையில் திரும்பி நடக்கும்போது இராசநாயகம் அவளுடைய பையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

“அக்கா சொன்னதை மேடையில சொல்லமாட்டீர்தானே?”

“எதை?”

“உமக்குத் தெரியும் எதையெண்டு.”

“ஆறரைக்குத்தானே நிகழ்ச்சி. இன்னும் நேரம் கிடக்கு” என்றாள் இரத்தினேஸ்வரி.

அவர் பார்சலையும் அவள் கையிலிருந்து வாங்கி, மற்றக் கையில் பிடித்துக்கொண்டு, கப்பலின் படியில் அவள் முதலில் ஏற வழி விட்டு நின்றார்.