நாலரை அடி

கழிவுநீர் இணைப்பு கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் என் மேசையில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படிப்பார்கள். செ. ரோஷினி, உதவிப் பொறியாளர். அந்த 'செ' யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பரந்தாமனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே ஃபைலை அள்ளிக்கொண்டு ஓடியிருப்பார்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் அறுபத்து நான்கு வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. பரந்தாமன் அதன் சங்கச் செயலாளர். பதினோரு வருஷமாக அவர்தான். அந்தத் தலைவலிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் குடியிருப்பின் செப்டிக் டேங்கில்தான் என் அப்பா செங்கல்வராயன் செத்துப்போனார்.

அப்பா அங்கே பெருக்குகிற வேலை பார்த்தார். அன்றைக்குத் தொட்டி அடைத்துக்கொண்டது. கழிவுநீர் உறிஞ்சும் லாரி வர இரண்டு நாள் ஆகும் என்றார்களாம். 'நீ இறங்கி ஒரு கை பாத்துடேன்' என்று செயலாளர் சொன்னதை வாட்ச்மேன் கேட்டிருக்கிறார். கேட்டதை அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுவாரமே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

போலீசில் பரந்தாமன் கொடுத்த வாக்குமூலம் எனக்கு மனப்பாடம். தொட்டியின் ஆழம் நாலரை அடி. மேலே நின்றே வாரிவிடலாம், ஆள் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் யாரையும் இறக்கவில்லை. செங்கல்வராயன் குடிபோதையில் தவறி விழுந்துவிட்டார். நிதானத்தில் இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார், நெஞ்சளவுதான் வந்திருக்கும்.

யாரும் அளந்து பார்க்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாளே லாரிக் குழாய்க்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டு மூடியைச் சிமெண்ட் வைத்துப் பூசியாகிவிட்டது. நான் அப்போது சிவில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார் பரந்தாமன். "உங்கப்பா தண்ணி போட்டுட்டு விழுந்தா நாங்க என்னம்மா பண்றது? போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்றார்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை குடிப்பார். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. ஆனால் அது வியாழக்கிழமை. நெஞ்சளவுத் தண்ணீரில் எழுந்து நிற்கத் துப்பில்லாத குடிகாரன் என்று தெருவே பேசியது. அம்மா அஞ்சலை அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை.

ஏரிக்கரைச் சாலையில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கத் தொடங்கியபோது நான் அந்தப் பகுதி அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஆள்நுழைகுழியாக வேலை நகர்ந்து அந்தக் குடியிருப்பின் வாசலை நெருங்குவதைத் தினமும் போய்ப் பார்த்தேன். வரட்டும், என்னிடம்தானே வரவேண்டும் என்று கறுவிக்கொண்டே இருந்தேன்.

ஆவணி மாதம் விண்ணப்பம் வந்தது. கூடவே பரந்தாமனும் வந்தார். தலை நரைத்திருந்தது; வேறெதுவும் மாறவில்லை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கேட்டில் நின்ற பெண்ணின் முகத்தை அவர் அன்றைக்கும் பார்க்கவில்லை.

"மேடம், லாரிக்காரன் உயிரை வாங்கறான். சீக்கிரம் பண்ணிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்" என்றார்.

புண்ணியம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிராகரிக்க வழியா இல்லை? வரைபடத்தில் ஒரு கோடு குறைகிறது என்று திருப்பலாம். ஆய்வுக்குத் தேதி தராமல் தீபாவளி வரை இழுக்கலாம். நாறட்டும், அறுபத்து நான்கு வீடும் நாறட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் இழுத்தடித்தால் தொட்டி மறுபடி அடைக்கும். பரந்தாமன் மறுபடி யாரையாவது கூப்பிட்டு, இறங்கி ஒரு கை பார் என்பார்.

அந்த எண்ணத்தோடுதான் வரைபடத்தைப் பிரித்தேன். பிரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் குடியிருப்பு பள்ளத்தில் இருக்கிறது. அதன் குழாய் சாலைக் குழாயைவிடத் தாழ்வு. கழிவுநீர் தானாக ஓடாது. ஒரு தொட்டியில் சேர்த்து மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். கார் நிறுத்துகிற இடம் போக அங்கே புதிதாகத் தோண்ட ஒரு சாண் நிலம் கிடையாது. பழைய செப்டிக் டேங்கையே சுத்தம் செய்து பயன்படுத்த அனுமதி கேட்டிருந்தார்கள். அறுபத்து நான்கு வீட்டுக்குக் கணக்குப் போட்டால் அது பத்தடி ஆழமாவது இருக்க வேண்டும். இருந்தால் இணைப்பு, இல்லாவிட்டால் கிடையாது. ஆழம் என்ற கட்டத்தில் பரந்தாமன் எழுதியிருந்தார்: பதினொன்றரை அடி.

பக்கத்து மேசை முகமது ஆசிக்கும் என்னைப்போல உதவிப் பொறியாளர்தான். என் கதை முழுக்கத் தெரிந்தவன். வரைபடத்தை அவனிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"ரோஷினி, இந்த ஃபைல்ல நீ ஒரு கையெழுத்துகூடப் போடாத. அப்பால பழி வாங்கிட்டான்னு உன்னியே திருப்பி அடிப்பானுங்க. பெரியவர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு என் பேருக்கு மாத்து. நான் அளக்கறேன்."

அப்படியே செய்தேன். இறந்தவரின் மகள் என்பதால் இந்த ஃபைலில் முடிவெடுக்க விரும்பவில்லை என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். ஃபைல் ஆசிக் பேருக்கு மாறியது. வேடிக்கை பார்க்க மட்டும் ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு அவன் பின்னாலேயே போனேன்.

மூடியைப் பெயர்த்தார்கள். அந்த நாற்றம் வந்தும் நான் நகரவில்லை. ஆசிக் குண்டு கட்டிய டேப்பை இறக்கினான். அது போய்க்கொண்டே இருந்தது. நாலரையைத் தாண்டியது. அப்பாவின் உயரத்தைத் தாண்டியது. பதினொன்றரையில் நின்றது.

"ஓகேதான சார்?" என்று பரந்தாமன் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"அளவு ஓகே. ஆனா நடுவுல எப்பவாச்சும் ஆழப்படுத்தி இருந்தீங்கன்னா அடித்தளம் வீக்கா இருக்கும், குடுக்க முடியாது" என்றான் ஆசிக். அது உண்மையான விதிதான். உறுதிமொழிப் படிவத்திலேயே இருக்கிறது.

பரந்தாமன் பதறிவிட்டார். "ஐயோ, இல்லவே இல்ல சார். கட்டின நாள்லேர்ந்து இதே ஆழம்தான். ஒரு செங்கலைக்கூட மாத்தல."

"அதை அளவோட அப்டியே எழுதிக் குடுத்துருங்க."

அங்கேயே கார் பானெட்டின்மேல் வைத்துத் தன் கையாலேயே எழுதினார். தேதி போட்டார். சங்கத்தின் முத்திரையை அழுத்திக் குத்தினார். எழுதுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டதில்லை, அதுவும் அந்த நாற்றத்தில்.

அடுத்த வாரம் தகவல் உரிமைச் சட்டத்தில் நான் மனு எழுத, அம்மா கையெழுத்து போட்டாள். உறுதிமொழியின் சான்றிட்ட நகல் முறைப்படி வீட்டுக்கே வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய வாக்குமூலத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டிலும் ஒரே கையெழுத்து. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும், படிக்க வராது. இரண்டு எண்களையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இது இன்னா?"

"நாலரை."

"இது?"

"பதினொன்றரை."

இரண்டாவது எண்ணின்மேல் தானும் விரலை வைத்தாள். "அப்போ உங்க நைனா எயுந்து நின்னுதான் கீறாரு" என்றாள். பிறகு சத்தம் போட்டு அழுதாள். மறுநாள் மறுவிசாரணை கேட்டு நீதிமன்றத்தில் மனு போட்டோம்.

இணைப்பு ஆணையும் தயாரானது. பரந்தாமன் வந்த நேரத்தில் ஆசிக் வெளியே போயிருந்தான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் நிபந்தனைகளைப் படித்தார். தொட்டியை இயந்திரத்தால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும், மனிதர் யாரும் இறங்கக் கூடாது.

"இதெல்லாம் சொல்லணுமா மேடம்? நாங்க எப்பவுமே ஆளை இறக்கறதில்ல" என்றார்.

"ஒரு சந்தேகம் சார். அந்தத் தொட்டி நிரம்பி இருக்கறப்ப ஒரு ஆள் உள்ள நின்னா எது வரைக்கும் வரும்?"

அவர் சிரித்தார். "எங்க மேடம் நிக்கறது? ஒருத்தன் தோள்மேல இன்னொருத்தன் ஏறி நின்னாத்தான் தலை வெளிய தெரியும்."

"நெஞ்சளவுதான் வரும்னு எழுதிக் குடுத்தீங்களே. நிதானத்துல இருந்திருந்தா எழுந்து நின்னிருப்பாருன்னு."

சிரிப்பு அப்படியே நின்றது. முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெயர்ப்பலகையைப் பார்த்தார்.

"செங்கல்வராயன் பொண்ணு" என்றேன். "படிக்கிற வேலையப் பாருன்னு சொன்னீங்க. படிச்சேன் சார். இந்தாங்க உங்க இணைப்பு ஆணை, இங்க ஒரு கையெழுத்து போடுங்க. உங்க கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும்."