சின்ன கேட்டுக்கு இந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை என்றே அற்புதத்துக்குத் தோன்றுகிறது, அரிசி களையும்போதும் துணி காயப்போடும்போதும் அது அந்தரத்திலேயே நிற்கிறது, பிளாட் சங்கச் செயலாளர் எண்ணிக்கொண்டே இருக்கிறார், வேண்டாம் என்றவர்கள் ஆறு, பூட்டலாம் என்றவர்கள் ஆறு, இதோ இந்தக் கையோடு ஏழு, மதிலில் இருந்த சின்ன கேட்டைப் பூட்டிவிட்டார்கள், சீ, என்ன பிழைப்பு இது. வாடகைக்கு இருப்பவளுக்கு ஏது ஓட்டு, மஸ்கட்டிலிருக்கும் வீட்டுக்காரர் பரசுராமன்தான் கடிதம் கொடுத்திருந்தார், என் சார்பா நீங்க கை தூக்குங்கம்மா, அந்தப் பக்கத்து ஆளுங்க இதுக்குள்ள நடமாடினா பிளாட்டுக்கு என்ன மதிப்பு, மூடட்டும், அடுத்த மாசமே உங்க அக்ரிமென்ட்டை நீட்டிடறேன். நானும் அந்தப் பக்கத்து ஆள்தான் சார் என்று சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது.

அந்தப் பக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, அங்கே பதினெட்டு வருஷம், எதிர்வீடு ரெஜினா, ஒரே கொடியில் இரண்டு வீட்டுத் துணியும் காய்கிறது, இவள் மகளுக்கு அம்மை போட்டபோது ரெஜினா வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள், அந்த மகளே வளர்ந்து சம்பாதித்து இந்தப் பக்கம் குடிவந்த அன்று, சின்ன கேட் வழியாக அடுப்பைச் சுமந்து வந்தவளும் ரெஜினாதான், இன்னாத்துக்கு அயுவுற, எங்க போய்ட்ட, கேட்டுக்கு இந்தாண்டதானே கீற, சிரித்தாள், சிரிக்கிறாள், மூட்டுவலிக்காரி, இனி பஸ்ஸுக்கு மெயின் ரோட்டைச் சுற்றித்தான் நடக்கவேண்டும், நினைத்தால் இவளால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

மறு ஞாயிறும் வந்துவிட்டது, ஏய் அற்புதம், மதிலுக்கு அப்பாலிருந்து குரல், அந்த மூட்டுவலியோடு நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள், மதிலுக்கு மேலே கிண்ணமும் கையும் மட்டும் தெரிகின்றன, ஞாயிறுதோறும் கேட் வழியாக வந்த நெத்திலிக் குழம்பு, புடிடி, கை வலிக்குது, எந்தப் பாவி பூட்ட சொன்னான்னு மட்டும் தெரிட்டும், அவன் கைய ஒடிக்கிறேன், அற்புதம் எட்டினாள், விரல் கிண்ணத்தில் படுமுன் வாய் முந்திக்கொண்டது, நான்தான் ரெஜினா, நான்தான் கை தூக்கினேன், குழம்பு தளும்பி மதிலில் வழிகிறது, அந்தக் கை முன்னால் வரவுமில்லை, கீழே இறங்கவுமில்லை.